இடுப்பு மூட்டு மாறியது, எதிர்பார்ப்பு மாறியதா?

எப்போது நடக்கலாம்? எப்போது வேலைக்குப் போகலாம்? எப்போது பழையபடி ஆகலாம்? இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை என்றதும் நோயாளியின் குடும்பம் மருத்துவரிடம் கேட்கும் மூன்று கேள்விகள் இவை. முதல் கேள்விக்கு இன்று கிடைக்கும் பதில் கேட்பவரைத் திகைக்க வைக்கும். "நாளைக்கே நடக்க வைப்போம்" என்கிறார் மருத்துவர். சில மருத்துவமனைகளில் அன்று மாலையே நோயாளி எழுந்து நிற்கிறார்.

குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. மறுநாள் நடந்தவர் மறுவாரம் கடைத்தெருவுக்குப் போய்விடுவார் என்று வீட்டார் எண்ணிக் கொள்கிறார்கள். பத்தாம் நாள் கால் வீங்கி, தூக்கம் கெட்டு, எரிச்சலோடு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், "ஆப்பரேஷன் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது" என்ற பேச்சு கிளம்புகிறது. ஒரு வீட்டில் உருவிவிடும் ஆளைத் தேடி ஓடுகிறார்கள். இன்னொரு வீட்டில், "அசையவே வேண்டாம், படுத்தே இருங்கள் அம்மா" என்று கட்டிலோடு வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. நல்லபடியாக முடிந்த ஓர் அறுவைச் சிகிச்சையின் பலனை, தவறான எதிர்பார்ப்பு கெடுத்துவிட முடியும்.

ஜொகூரில் குளுவாங், சிகாமட், மூவார், கூலாய் என்று எந்த ஊரை எடுத்துக் கொண்டாலும், தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்த ஒரு தலைமுறை இன்று எழுபதைத் தாண்டி நிற்கிறது. விடியற்காலையில் பால்மரம் சீவி, வாளி சுமந்து, மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிய கால்கள் அவை. 1997இல் இந்நாட்டில் எடுக்கப்பட்ட கணக்கின்படி, 50 வயதைக் கடந்த ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 90 பேருக்கு இடுப்பு எலும்பு முறிவு ஏற்பட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அது அதிகம். முதியோர் தொகை பெருகப் பெருக இந்தச் சிகிச்சையைச் சந்திக்கும் குடும்பங்களும் பெருகும். ஆகவே, இதன் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பயனுள்ளது. அது கருவிகளின் வரலாறு மட்டுமன்று. மனிதன் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதன் வரலாறும்கூட.

தந்தமும் கண்ணாடியும்

ஒரு காலத்தில் வயதானவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அது பெரும்பாலும் முடிவின் தொடக்கம். காலில் எடை கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்க வைப்பார்கள். எலும்பு கூடுகிறதோ இல்லையோ, படுக்கைப் புண்ணும் நுரையீரல் காய்ச்சலும் வந்து சேரும். "விழுந்தார், படுத்தார், போய்விட்டார்" என்று மூன்றே சொல்லில் கதை முடிந்துவிடும்.

இந்த நிலையை மாற்ற முயன்றவர்களில் முன்னோடி, ஜெர்மனியின் பெர்லின் நகரில் பணியாற்றிய தெமிஸ்டோக்ளிஸ் குளுக். 1890, 1891ஆம் ஆண்டுகளில் யானைத் தந்தத்தைக் கடைந்து செயற்கை மூட்டுகள் செய்தார். அவர் தேர்ந்தெடுத்த நோயாளிகள் பலருக்குக் காசநோய் பற்றிய மூட்டுகள். முதலில் நன்றாகத் தெரிந்தவை பின்னர் சீழ்பிடித்துத் தோற்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஸ்மித் பீட்டர்சன் 1923இல் கண்ணாடியாலான கிண்ணத்தை மூட்டுக்குள் வைத்துப் பார்த்தார். உடல் எடையைத் தாங்காமல் கண்ணாடி உடைந்தது. 1938இல் அவர் உலோகக் கலவைக்கு மாறினார். அதே ஆண்டில் லண்டனில் பிலிப் வைல்ஸ், பந்து, கிண்ணம் இரண்டையும் எஃகில் செய்து பொருத்தினார்.

1946இல் பிரான்சு நாட்டின் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் பந்து செய்தார்கள். தொடக்கத்தில் பெரும் வரவேற்பு. ஆனால், அந்தப் பந்தோடு இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு நோயாளிக்கு வேடிக்கையான தொல்லை ஏற்பட்டது. சாப்பாட்டு மேசையில் அவர் முன்னால் குனியும்போதெல்லாம் இடுப்பு கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் பொறுக்க முடியாமல் அவர் மனைவி அறையை விட்டே போய்விடுவாராம்! கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒரே ஒரு மருத்துவர் மட்டும் சிரித்துவிட்டு விடவில்லை. ஏன் கிறீச்சிடுகிறது என்று யோசித்தார். அவர்தான் ஜான் சார்ன்லி.

முந்நூறு பேரும் ஒரு தோல்வியும்

இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில் ரைட்டிங்டன் என்ற மருத்துவமனை உண்டு. காசநோயாளிகளுக்காகக் கட்டப்பட்ட இடம். அங்கே சார்ன்லி இடுப்பு மூட்டு ஆய்வைத் தொடங்கினார். மூட்டில் உராய்வு இருக்கிறது, அதனால்தான் சத்தம், அதனால்தான் பந்து தளர்கிறது என்று கண்டார். உராய்வு குறைந்த பொருள் தேவை. 1950களின் இறுதியில் அவர் தேர்ந்தெடுத்தது டெஃப்லான். இன்று தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே பொருள். எலும்போடு கருவியைப் பிடித்துவைக்க, பல் மருத்துவத்தில் பயன்பட்ட அக்ரிலிக் பசையை எடுத்துக் கொண்டார்.

பலன் உடனே தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் வலியால் முடங்கியவர்கள் எழுந்து நடந்தார்கள். ஏறக்குறைய 300 பேருக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. அந்த நேரத்தில் நிறுத்தியிருந்தால் அது வெற்றிக் கதை. ஆனால், இரண்டு மூன்று ஆண்டுகளில் டெஃப்லான் கிண்ணங்கள் தேயத் தொடங்கின. தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த சதையைப் புண்ணாக்கின. வலி திரும்பியது. சார்ன்லி அந்த நோயாளிகளை மீண்டும் அழைத்து, உண்மையைச் சொல்லி, தாம் வைத்ததைத் தாமே ஒவ்வொன்றாக எடுக்க வேண்டி வந்தது.

அடுத்த பொருள் வந்த கதையும் சுவையானது. 1962ஆம் ஆண்டு மே மாதம், நெசவுத்தறிக்கான பற்சக்கரங்கள் விற்கும் வியாபாரி ஒருவர் ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கொண்டு வந்தார். அடர்த்தி மிக்க பாலிஎத்திலீன். சார்ன்லி அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு ஆர்வம் காட்டவில்லை. அவருடைய பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் விடவில்லை. தலைவர் வெளிநாடு போயிருந்த சமயத்தில் அதைத் தேய்மானப் பொறியில் ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட, இது மூன்று வாரம் ஓடியும் தேயவில்லை. திரும்பி வந்த சார்ன்லி வியந்தார்.

முன்பு பட்ட சூடு அவருக்கு நினைவிருந்தது. டெஃப்லான் துகளையும் புதிய பொருளின் துகளையும் தம் தொடையிலேயே ஏற்றிக்கொண்டு விளைவைக் கவனித்தார். டெஃப்லான் வைத்த இடம் கட்டியாகத் தடித்தது. மற்றது சாதுவாக இருந்தது. புதிய கிண்ணத்தை அவர் முதல் நோயாளிக்குப் பொருத்தியது 1962 நவம்பரில். இன்றுவரை உலகெங்கும் நடக்கும் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையின் அடித்தளம் அதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் அவசரப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தொடக்க ஆண்டுகளில் இளையவர்களுக்கு இதைச் செய்யத் தயங்கினார். தம்மிடம் வந்து கற்றுக்கொண்ட மருத்துவர்களுக்கு மட்டுமே கருவி விற்கப்பட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். தாங்கள் இறந்தபின் அந்த மூட்டை ஆய்வுக்காகத் திருப்பித் தர வேண்டும் என்று நோயாளிகளிடம் கேட்டுக்கொண்டார். பலர் சம்மதித்தார்கள். அறுவைக் கூடத்தின் காற்றைத் தூய்மைப்படுத்தும் முறையை உருவாக்கி, நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு வந்த கிருமித் தொற்றை ஒருவருக்கும் கீழே கொண்டு வந்தார். 1977இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 2007இல் உலகப் புகழ்பெற்ற லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை, இந்தச் சிகிச்சையை நூற்றாண்டின் அறுவைச் சிகிச்சை என்றே தலைப்பிட்டுப் போற்றியது.

மூன்றாம் மாதத்தில் தெரியும் பலன் வேறு, மூன்றாம் ஆண்டில் தெரியும் பலன் வேறு. டெஃப்லான் கதை மருத்துவர்களுக்கு இதைக் கற்றுத் தந்தது. நோயாளிக்கு இதே பாடம் தலைகீழாகப் பொருந்தும். மூன்றாம் வாரத்தில் தெரியும் சிரமத்தை வைத்து, மூன்றாம் ஆண்டின் நிலையை முடிவு செய்துவிடக் கூடாது.

நாற்காலி மக்களும் தரை மக்களும்

மேற்கத்திய நோயாளி எதிர்பார்ப்பது நாற்காலியில் வலியில்லாமல் உட்கார்ந்து எழுவதை. நம் மக்கள் எதிர்பார்ப்பது அது மட்டுமா? கோயிலில் தரையில் அமர வேண்டும். பந்தியில் சம்மணமிட வேண்டும். பழைய வீடுகளில் குந்தும் கழிவறைதான் இருக்கும். ஆசியா முழுவதற்கும் பொதுவான இந்தத் தேவையை மேற்கத்தியக் கருவிகள் முதலில் கணக்கில் எடுத்துக் கொள்ளவில்லை.

பர்மாவின் மாண்டலே நகரில் இதற்கு ஒருவர் விடை தேடினார். சான் பாவ் என்ற அந்த மருத்துவர், உலோகக் கருவிகளுக்குப் பதிலாக யானைத் தந்தத்தை எடுத்தார். குளுக் தோற்ற அதே பொருள்! 1960இல் 83 வயதான ஒரு பௌத்தத் துறவிப் பெண்மணிக்கு முதன்முதலில் பொருத்தினார். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் 300க்கும் மேற்பட்டோருக்குச் செய்தார். 1969இல் லண்டனில் நடந்த எலும்பு மருத்துவர்கள் மாநாட்டில் அவர் தம் அனுபவத்தை எடுத்துரைத்தபோது, நோயாளிகள் குந்தி உட்கார்ந்ததும் சைக்கிள் ஓட்டியதும் முக்கியச் செய்திகளாக இருந்தன.

இந்தியாவிலும் இதே கதைதான். காசநோயால் கெட்டுப்போன இடுப்பு மூட்டில், பந்தை அகற்றிவிட்டு எதையும் வைக்காமல் விடும் முறை ஒன்று உண்டு. கால் குட்டையாகும், நடையில் தாங்கல் இருக்கும். ஆனாலும் குந்தலாம், சம்மணமிடலாம். வாரணாசி மருத்துவர்கள் 1981இல் இதன் பலன்களை வெளியிட்டார்கள். நேராக நடப்பதைவிடத் தரையில் உட்காருவதைப் பெரிதாக நினைத்தவர்கள் இதை ஏற்றுக் கொண்டார்கள். நல்ல முடிவு எது என்பதற்கு எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. அந்தந்த வாழ்க்கை முறைதான் அதை முடிவு செய்கிறது.

இன்றைய மூட்டுகள் மிகவும் மேம்பட்டுவிட்டன. நழுவும் ஆபத்தைக் குறைக்க, பந்துக்குள் பந்து அசையும் இரட்டை அசைவு முறையை 1970களிலேயே பிரான்சின் ஜீல் பூஸ்கே உருவாக்கினார். ஆனாலும், முதல் சில வாரங்களில் சதையும் தசைநார்களும் ஆறும்வரை பந்து கிண்ணத்திலிருந்து நழுவும் வாய்ப்பு உண்டு. குறிப்பாகப் பின்பக்கமாக அறுத்துச் செய்திருந்தால், இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்காதே, கால்மேல் கால் போடாதே, பாதத்தை உள்பக்கம் திருப்பாதே என்று ஆறு முதல் பன்னிரண்டு வாரம்வரை சொல்வார்கள். எந்தப் பக்கமாக அறுவை நடந்தது, எந்த அசைவு கூடாது, எத்தனை வாரத்துக்கு என்று வீடு திரும்பும் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. "தரையில் உட்கார வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்" என்பதையும் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கேட்காத வரத்தைச் சாமிகூடக் கொடுப்பதில்லை.

கட்டில் மருந்தா, நஞ்சா?

நோயுற்றவர் படுத்தே இருக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் இருந்த நம்பிக்கை. 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில மருத்துவர், படுக்கையில் கிடப்பதால் வரும் ஆபத்துகளைப் பற்றி எழுதி அந்த நம்பிக்கையை அசைத்தார். இரத்தம் உறைகிறது, தசை மெலிகிறது, எலும்பு வலுவிழக்கிறது, மனம் சோர்கிறது என்று வரிசைப்படுத்தினார். ஆனாலும் பழக்கம் உடனே மாறிவிடவில்லை. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் 1960களில் வாரக்கணக்கில் மருத்துவமனைக் கட்டிலில்தான் கிடந்தார்கள்.

1997இல் டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட், அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பையே புதிதாக வரையறுத்தார். பலவகை வலி நிவாரணிகளைச் சிறு அளவில் சேர்த்துத் தருவது, விரைவில் உண்ண வைப்பது, விரைவில் எழுப்பி நடக்க வைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக நோயாளிக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்வது. இந்த முறை பரவிய பிறகு, வாரக்கணக்கு நாள்கணக்காகச் சுருங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுருங்கியது மருத்துவமனையில் தங்கும் காலம்தான். சதை ஆறுவதற்கும் எலும்பு கூடுவதற்கும் உடல் எடுத்துக்கொள்ளும் காலம் சுருங்கவில்லை. முன்பு மருத்துவமனையில் கழிந்த அந்த வாரங்கள் இப்போது வீட்டில் கழிகின்றன. தாதி பார்த்த வேலையை இப்போது மகளும் மருமகளும் மகனும் பார்க்கிறார்கள். அதனால்தான் வீட்டாருக்கும் இந்த அறிவு தேவைப்படுகிறது.

சொல்லி வைத்ததன் பலன்

முன்கூட்டியே சொல்வதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்கலாம். 1964இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்க மருந்து நிபுணர் ஒரு சோதனை செய்தார். வயிற்று அறுவை செய்யவிருந்த 97 நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு எந்த இடத்தில் வலிக்கும், எவ்வளவு நேரம் வலிக்கும், ஏன் வலிக்கும், வலியின்போது உடலை எப்படித் தளர்த்துவது என்று விளக்கினார். மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும்.

விளக்கம் பெற்றவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சராசரியாக அவர்கள் 2.7 நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கூடுதல் மருந்தில்லை, கூடுதல் செலவில்லை. வெறும் பேச்சு! வலி வரும் என்று தெரிந்தவன் வலியைத் தாங்குகிறான். வராது என்று நம்பியவன் அதே வலியில் பயந்து போகிறான். 1997இல் நியூயார்க்கில் கரோல் மன்கூசோ குழுவினர் இடுப்பு மூட்டு மாற்றியவர்களிடம் நடத்திய ஆய்வும், நோயாளியின் மனநிறைவு அவருடைய எதிர்பார்ப்போடு பின்னிக் கிடப்பதைக் காட்டியது.

முதல் மூன்று மாதம் எப்படி இருக்கும்?

முதலில் வலி. பழைய மூட்டு வலி பெரும்பாலோருக்கு அறுவையோடு போய்விடுகிறது. அதற்குப் பதிலாக அறுத்த சதையின் வலி வருகிறது. முன்னது நாளுக்கு நாள் கூடிய வலி; பின்னது நாளுக்கு நாள் குறையும் வலி. ஒரு நாள் குறைந்து மறுநாள் சற்றுக் கூடினால் அதிர்ச்சி அடைய வேண்டாம். முந்தைய நாள் அதிகம் நடந்திருப்பார். நாளோடு நாளை ஒப்பிடாமல், வாரத்தோடு வாரத்தை ஒப்பிட வேண்டும்.

அடுத்தது வீக்கம். தொடையிலிருந்து கணுக்கால்வரை வீங்கலாம், நீலம் பாரித்து இரத்தக்கட்டு கீழே இறங்கலாம். மருத்துவமனையில் இருந்ததைவிட வீட்டுக்கு வந்தபின் வீக்கம் கூடுவது சகஜம். நடமாட்டம் கூடுவதே காரணம். காலை உயர்த்திப் படுத்தால் குறையும். லேசான வீக்கம் சில மாதங்கள்கூட நீடிக்கும்.

மூன்றாவது, 'ஒரு கால் நீளமாகிவிட்டதே' என்ற உணர்வு. ஆண்டுக்கணக்கில் சுருங்கிக் கிடந்த தசையும் சாய்ந்து பழகிய இடுப்பும் நேராவதற்கு நேரம் பிடிக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் இந்த உணர்வு மறையும். அவசரப்பட்டு ஒரு செருப்பை மட்டும் உயர்த்தித் தைக்கக் கூடாது.

நான்காவது, யாரும் பேசாத விஷயம். தூக்கமின்மை, மலச்சிக்கல், பசியின்மை, காரணமில்லாத அழுகை, சலிப்பு. வலி மருந்து, ஒரே பக்கமாகப் படுப்பது, பிறரைச் சார்ந்திருப்பது எல்லாம் சேர்ந்து இப்படிச் செய்கின்றன. "அப்பா ஏன் இப்படி எரிந்து விழுகிறார்?" என்று பிள்ளைகள் வருந்துவது உண்டு. அது குணமாற்றமன்று, ஆறிவரும் உடலின் களைப்பு.

உணவிலும் ஒரு பழைய பயம் இருக்கிறது. முட்டை, மீன், கோழி சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும் என்று வெறும் கஞ்சியும் ரசமும் கொடுக்கிறார்கள். ஆறும் சதைக்குப் புரதம் தேவை. சைவ உணவுக்காரர்களுக்குப் பருப்பு, பால், தயிர், தவ்ஃபூ இருக்கின்றன. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது இன்னும் முக்கியம். கட்டுப்பாடில்லாத சர்க்கரை, கிருமித் தொற்றுக்கு வாசல் திறந்துவிடும்.

கைத்தடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை அவமானமாக நினைத்து இரண்டாம் வாரமே மூலையில் சாத்திவிடுகிறவர்கள் உண்டு. ஒற்றைக் காலில் உடல் நிற்கும்போது இடுப்பு மூட்டின்மேல் இறங்கும் பாரம் உடல் எடையைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 150 முதல் 180 கிலோ! அறுவை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடித்தால் இந்தப் பாரம் வெகுவாகக் குறைகிறது. 1956லேயே அமெரிக்க மருத்துவர் வால்டர் பிளவுன்ட், தடியைத் தூக்கி எறியாதீர்கள் என்று சக மருத்துவர்களுக்கே ஓர் உரையில் வலியுறுத்தினார். நடை சமமாகி, தாங்கல் மறையும்வரை தடி துணையாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும் 'இது சகஜம்' என்று விட்டுவிடவும் கூடாது. கெண்டைக்காலில் திடீர் வலியும் வீக்கமும் வந்தால், காய்ச்சலோடு புண் சிவந்து நீர் வடிந்தால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தாலும், கடும் வலியோடு கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டாலும் அது அவசர நிலை. 999க்கு அழைக்க வேண்டும். காலை அழுத்தி உருவிவிடுவது இந்தக் காலத்தில் கூடவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருந்தால், அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தைச் சொன்ன நாள்வரை விடாமல் எடுத்துக் கொள்வதும் அதே காரணத்துக்காகத்தான்.

போப்பாண்டவரும் அரசியாரும்

1994 ஏப்ரலில் போப் இரண்டாம் ஜான் பால் குளியலறையில் விழுந்து தொடையெலும்பு முறிந்தது. செயற்கை மூட்டு பொருத்தினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் அவர் நியூயார்க் சென்று ஐக்கிய நாட்டுச் சபையில் உரையாற்ற வேண்டும். உலகின் சிறந்த மருத்துவம் அவருக்குக் கிடைத்தது. ஆனாலும் எதிர்பார்த்த வேகத்தில் கால் தேறவில்லை. பயணம் ஓராண்டு தள்ளிப்போனது. 1995 அக்டோபரில்தான் அவர் அங்கே உரையாற்றினார். கைத்தடி அவரோடு தங்கிவிட்டது.

பிரிட்டிஷ் அரசியாரின் தாயார் எலிசபெத் அம்மையாருக்கு 1995 நவம்பரில் இடுப்பு மூட்டு மாற்றினார்கள். அப்போது அவருக்கு வயது 95! 1998இல் மீண்டும் விழுந்து, மறுபக்க மூட்டையும் மாற்ற வேண்டி வந்தது. தடியூன்றிக்கொண்டே பொது நிகழ்ச்சிகளுக்கு வந்தார். 2002இல், 101ஆம் வயதில் மறைந்தார். ஒருவருக்கு எழுபதுகளில் மெதுவாகத் தேறியது. இன்னொருவருக்குத் தொண்ணூற்றைந்தில் தேறியது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரே மாதத்தில் நடந்தார் என்று தம்மை ஒப்பிட்டு நொந்துகொள்வதில் பயனில்லை.

விளம்பரம் வளர்த்த ஆசை

அளவுக்கு மீறிய எதிர்பார்ப்பை விளம்பரமும் வளர்த்திருக்கிறது. உலோகக் கிண்ணத்தில் உலோகப் பந்து சுழலும் மூட்டுகள் 2000களில் நெடுநாள் உழைக்கும் என்று, குறிப்பாக இளையவர்களுக்காக, சந்தைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான ஏ.எஸ்.ஆர். வகையை டிப்யூ நிறுவனம் 2010 ஆகஸ்டில் திரும்பப் பெற்றது. ஐந்தே ஆண்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டதை இங்கிலாந்தின் மூட்டுப் பதிவேடு காட்டிக் கொடுத்தது. உலகெங்கும் ஏறக்குறைய 93,000 பேர் உடலில் அது இருந்தது. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டு, இழப்பீட்டுக்காகப் போராட நேர்ந்தது.

ஆனால், பொதுவான நிலவரம் நம்பிக்கை தருவதுதான். 2019இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வின்படி, மாற்று இடுப்பு மூட்டுகளில் ஏறக்குறைய 58 விழுக்காடு 25 ஆண்டுகள் உழைக்கின்றன. கால் நூற்றாண்டு பயன்தரப் போகும் ஒன்றுக்காக, மூன்று மாதப் பொறுமை அதிகமா?

ஜொகூர் வீடுகளில் செய்யக்கூடியது

ஜொகூர்வாசிகளுக்கென்று சில சிறப்பு நிலைமைகள் உள்ளன. ஆயிரக்கணக்கானோர் மோட்டார் சைக்கிளில் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். கார் ஓட்டவே பொதுவாக ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். காலைத் தூக்கி வண்டிமேல் போட்டு, நெரிசலில் ஊன்றி ஊன்றிப் போவதற்கு அதைவிட நீண்ட காலமும் மருத்துவரின் அனுமதியும் தேவை. உட்கார்ந்து செய்யும் வேலைக்கும், சுமை தூக்கும் வேலைக்கும் விடுப்பு ஒன்றாக இருக்க முடியாது. இதை அறுவைக்கு முன்பே முதலாளியிடம் பேசிவிட்டால், பாதியில் சம்பளம் போய்விடுமே என்ற பயத்தில் அவசரமாகத் திரும்ப வேண்டியதில்லை. சொக்சோ சந்தாதாரர்கள் தங்களுக்கு என்ன உதவி, என்ன மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்கும் என்று விசாரிக்க வேண்டும். 2014 முதல் பக்கத்து மாநிலமான மலாக்காவில் சொக்சோவின் துன் ரசாக் மறுவாழ்வு மையம் இயங்குகிறது. அரசாங்க மருத்துவமனையில் செய்பவர்கள், செயற்கை மூட்டுக்கான செலவு பற்றியும் உதவி நிதி பற்றியும் அங்குள்ள சமூகநலப் பிரிவில் முன்கூட்டியே கேட்பது நல்லது.

வீட்டில் என்ன செய்யலாம்? மாடியில் படுப்பவருக்குக் கீழே கட்டில் போடலாம். குந்தும் கழிவறை இருந்தால் கமோட் நாற்காலி வாங்கலாம் அல்லது இரவல் பெறலாம். குளியலறைச் சுவரில் பிடிகம்பி, ஈரத்தில் வழுக்காத விரிப்பு, உயரமான கைவைத்த நாற்காலி. தரையில் கிடக்கும் பாயையும் மின்கம்பியையும் அப்புறப்படுத்த வேண்டும். தீபாவளி, தைப்பூசம், பிள்ளைகளின் திருமணம் என்று நாள் குறித்துக்கொண்டு அறுவை செய்பவர்கள், இடையில் குறைந்தது மூன்று மாதம் இருக்கும்படி பார்த்துக் கொள்ளலாம். ஆலயத்தில் நாற்காலி கேட்டு அமர்வதில் வெட்கமில்லை. ஆலயங்களும் முதியோருக்கென நாலு நாற்காலி ஒதுக்கி வைத்தால் அதுவும் தொண்டுதான்.

எல்லாவற்றையும்விட, பிசியோதெரபி பயிற்சியை விடாமல் செய்ய வைப்பது குடும்பத்தின் பொறுப்பு. நாளுக்குச் சிறிது சிறிதாகப் பலமுறை நடை. வலிக்கிறதே என்று முடங்குவதும் தவறு, தேறிவிட்டேன் என்று பாய்வதும் தவறு. முழுப் பலன் தெரிய ஓராண்டுவரை ஆகலாம். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

அறுவைக்குக் கையெழுத்திடும் நாளிலேயே குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து, முதல் வாரம், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம் என்று என்னென்ன எதிர்பார்க்கலாம் என மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, வீட்டுச் சுவரில் ஒட்டி வைக்கட்டும். பத்தாம் நாள் கால் வீங்கும்போது பதறி ஓட வேண்டாம். அந்தத் தாளைப் பார்த்தால் போதும்.